இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன்

"ஆட்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்களா, இல்லை அந்த மீட்டருக்குத்தான் நம் சத்தம் கேட்கவில்லையா?"

மாலை ஷிஃப்டுக்கு வந்த வானொலி அறிவிப்பாளர், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேஜை முன்னால் நின்று இதைக் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரண்டும் ஒன்றுதான்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் "சரி, யங் மேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார்.

பேச்சு அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இருக்காது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஸ்டேஷன் இன்று இல்லை. அதே அலைவரிசையில் வேறு ஏதோ ஓடுகிறது. நானும் வானொலித் தொழிலை விட்டு வந்துவிட்டேன். இருந்தாலும் கார் ஓட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அந்த அரை நிமிஷம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் சரியாக அமையவில்லை.

கணக்குப்படி நான் சொன்னது தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வணிக வானொலியில் கேட்பவர் யாரும் காசு தருவதில்லை, விளம்பரக்காரர்தான் தருகிறார். அவர் அன்று காசு கொடுத்து வாங்கியது, எந்த ஸ்டேஷனை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கணக்கெடுத்த ஆர்பிட்ரான் நிறுவனம் வெளியிட்ட எண்ணை. அந்த எண்ணுக்குள் வராத ஒருவர் எங்கள் ஸ்டேஷனை நாள் முழுக்கக் கேட்டாலும், கேட்கவே இல்லை என்றாலும், கல்லாவில் விழுவது ஒன்றுதான். அந்த எண்களைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பாட்டை எந்த மணிக்கு வைப்பது என்று அட்டவணை போடுவதுதான் என் வேலை. புள்ளியியல் படித்தவனுக்கு அது பிடித்த வேலையாகவும் இருந்தது.

ஆனால் அவர் கல்லாவைப் பற்றிக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

மீட்டர் வரும்வரை அந்தக் கணக்கெல்லாம் டைரியில்தான். வீட்டுக்கு ஒரு சின்னப் புத்தகம் வரும். வியாழன் தொடங்கி புதன் வரை ஒரு வாரம், எந்த ஸ்டேஷனை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கேட்டீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஸ்டேஷன்காரர்கள் விரும்பினால் மேரிலாந்து மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் இருந்த ஆர்பிட்ரான் அலுவலகத்துக்குப் போய், திரும்பி வந்த டைரிகளைப் பார்க்கலாம். ஒரு முறை என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் அந்த அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் கையெழுத்தைப் படித்தேன். எங்கள் ஸ்டேஷனை எழுதியவர்களில் நிறையப் பேர் காலை 9 மணிக்கு ஒரு புள்ளி வைத்து, மாலை 5 மணிவரை நேராக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். திங்களும் அதே கோடு, செவ்வாயும் அதே கோடு. பின்பக்கத்தில் கருத்து எழுத இடம் உண்டு. அதில் ஒருவர், "வேலை நேரத்தில் இது ஒன்றுதான் எனக்குத் துணை" என்கிற மாதிரி எழுதியிருந்தார். பெண் கையெழுத்து போல இருந்தது.

அந்தக் கோட்டை நம்பித்தான் எங்கள் ஸ்டேஷன் போட்ட ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான இசை வளர்ந்தது. 1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கேமெட் என்ற பழைய ராக் ஸ்டேஷனை மூடிவிட்டு, அதே 94.7 அலைவரிசையில் 'தி வேவ்' தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அறிவிப்பாளர்களே கிடையாது, இசை மட்டும்தான். பிறகு சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று ஊர் ஊராகப் பரவியது. சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி 1992-இல் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் வாங்கியது. குரோவர் வாஷிங்டன், ஜார்ஜ் பென்சன், டேவிட் சான்பார்ன், இடையிடையே பாடகிகள் ஷாடேயும் அனிடா பேக்கரும். பல் டாக்டரின் வரவேற்பறை, கணக்காளர் அலுவலகம், முடி திருத்தும் கடை, எங்கே பார்த்தாலும் இதுதான் மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கும். ஜாஸ் ரசிகர்கள் பலர் இதை ஜாஸ் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் குழலிலிருந்து மென்மையாக எது வந்தாலும் பிடிக்கும்.

பிறகு மீட்டர் வந்தது. பேஜர் அளவில் ஒரு கருவி. இடுப்பில் செருகிக்கொண்டு திரிய வேண்டும், ராத்திரி அதற்கான தாங்கியில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஒலிக்குள் காதுக்குத் தெரியாத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும். அது காதில் விழும் தூரத்தில் ஒலித்தால் மீட்டர் குறித்துக்கொள்ளும். 2007-இல் ஹூஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் டைரிக்குப் பதிலாக மீட்டர் கணக்கே அதிகாரபூர்வமானது. அடுத்த வருஷம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ. அப்புறம் எங்கள் ஊர்.

எங்கள் 9-லிருந்து 5 வரையிலான கோடு துண்டுதுண்டாகிவிட்டது. டைரியில் எட்டு மணி நேரம் என்று எழுதும் ஆள் நிஜத்தில் கூட்டத்துக்குப் போகிறார், சாப்பிடப் போகிறார், போன் வந்தால் சத்தத்தைக் குறைக்கிறார், திரும்பக் கூட்ட மறந்துவிடுகிறார். மீட்டர் அதையெல்லாம் காட்டியது. எல்லா ஸ்டேஷன்களுக்கும் கேட்கும் நேரம் குறைந்தது. மற்றவர்களுக்குப் புதிதாக ஆட்கள் சேர்ந்ததால் அது ஈடுகட்டப்பட்டது. கடையில் பின்னணியில் ஓடும் பாட்டைக்கூட மீட்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அல்லவா. எங்களுக்கு அந்த ஈடு வரவில்லை. முதல் மாத அறிக்கையை நான்தான் அச்சடித்து நிகழ்ச்சி இயக்குநரின் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "தலைப்பு சரியான ஸ்டேஷன்தானே?" என்று கேட்டார்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் அந்த மனிதரிடம் சொல்லவில்லை.

அவர் என்னிடம் வந்து கேட்பதற்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் இன்ஜினியர் என்னைக் கருவி அறைக்குக் கூப்பிட்டார். குறியீடு சரியாகப் போகிறதா என்று கண்காணிக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. "இதைக் கவனி" என்றார். தாளமும் பாட்டுமாக நிறைந்த பாடல்களில் அது நிதானமாக இருந்தது. பியானோ மட்டும் தனியாக, இடைவெளி விட்டு விட்டு வாசிக்கும் இடம் வந்தபோது தடுமாறியது. காரணத்தை அவர் சொன்னபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. குறியீடு காதுக்குத் தெரியக்கூடாது என்றால், அது இசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இசை அடர்த்தியாக இல்லாவிட்டால், குறியீட்டையும் அடக்கித்தான் அனுப்ப முடியும். அமைதியாக இருக்கிற இசையைத் தெளிவாக அடையாளம் காட்டுவது அந்த முறைக்கே கஷ்டம். அதோடு எங்கள் நேயர்கள் வானொலியைச் சத்தமாகவும் வைப்பதில்லை. மீட்டரோ கைப்பைக்குள் இருக்கும்.

"எவ்வளவு போகும்?" என்று கேட்டேன். "தெரியாது. ஆனால் போகிறது" என்றார்.

இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இதை வெளியே சொல்லாதே. எண் குறைந்ததும் கருவியைக் குறை சொன்னார்கள் என்று ஆகிவிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தலைமை அலுவலகத்தில் சாக்குச் சொல்கிறவன் என்று பெயர் வாங்கினால் அடுத்த நாளே வெளியே போக வேண்டியதுதான். நான் சரி என்றேன். ஒரு வாரம் கழித்து, நான் பார்த்ததைப் பார்க்காமலேயே, அதே சந்தேகத்தை வார்த்தை மாறாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார் அந்த மனிதர். நான் "இரண்டும் ஒன்றுதான்" என்றேன்.

அந்தப் பதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று பிற்பாடுதான் யோசித்தேன். அவர் கறுப்பினத்தவர். எங்கள் நேயர்களிலும் பெரும்பங்கு கறுப்பினத்தவர்கள்தான். 2008 அக்டோபரில் நியூயார்க், நியூஜெர்சி மாநில அட்டர்னி ஜெனரல்கள் ஆர்பிட்ரான் மீது வழக்குப் போட்டார்கள். மீட்டர் கொடுக்க ஆள் தேர்ந்தெடுத்த விதத்தில் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களும் சரியாக இடம்பெறவில்லை என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஜனவரியில், தேர்வு முறையைச் சீர்படுத்துகிறோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. அவர் அந்தச் செய்தியை வெட்டித் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்தார். நான் தினமும் அதைக் கடந்து போனேன். மீட்டருக்கு நம் சத்தம் கேட்கவில்லையா என்று அவர் கேட்டபோது, மீட்டர் யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது பாதிக் கேள்விதான்.

மாதிரியின் அளவைப் பற்றி அவரைவிட எனக்கு நன்றாகவே தெரியும். ராத்திரி பத்து மணிக்கு எங்கள் எண்ணைத் தாங்கி நின்றது விரல்விட்டு எண்ணக்கூடிய மீட்டர்கள். ஒருவர் வெளியூர் போனால் வரைபடம் சரிந்துவிடும். அதை வைத்து எந்தப் பாட்டுக்கு ஆட்கள் போனார்கள் என்று நிமிஷக் கணக்காக அறிக்கை எழுதியவன் நான். அறிக்கையின் அடியில் "மாதிரி சிறியது" என்று ஒரு வரி போடுவேன். யாரும் அதைப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். போட்டுவிட்டேன் என்ற திருப்தி எனக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, மீட்டர்தான் எங்களைக் கொன்றது என்று சொல்லலாமா? அதுவும் முடியவில்லை. பிலடெல்பியாவில் 106.1-இல் இருந்த ஸ்மூத் ஜாஸ் ஸ்டேஷனை 2006 ஆகஸ்டிலேயே மாற்றிவிட்டார்கள். அப்போது அங்கே டைரிதான். நியூயார்க்கின் சிடி101.9, ராக் ஸ்டேஷனாக மாறியது 2008 பிப்ரவரியில். அந்த ஊரில் மீட்டர் கணக்கு அதிகாரபூர்வமானது அந்த வருஷத்தின் பிற்பகுதியில்தான். நேயர்களுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. விளம்பரக்காரர்கள் கேட்டது 25-லிருந்து 54 வயது. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த வேலிக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்தார்கள். 54 வயதில் இருந்த ஒருவர் 55 ஆனதும் எங்கள் விற்பனைப் பிரிவுக்கு இல்லாமல் போய்விடுவார். அவர் காதில் அதே சாக்ஸபோன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2008-இன் பொருளாதாரச் சரிவில் கார் விளம்பரங்கள் நின்றதும், அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த முதலாளிகளும் கைவிட்டார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துகிற காரணம் ஒன்று இருக்கிறது. அது என் கையால் நடந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஹோட்டல் கூடத்தில் நூறு பேரை உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான பாடல்களிலிருந்து ஏழெட்டு வினாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு மதிப்பெண் வாங்குவோம். 'ஹூக்' என்று பெயர். துண்டுகளை வெட்டிக் கொடுத்தது நான். பாட்டுக்கு ஏழு வினாடி போதும், பல்லவி காதில் விழுந்ததும் ஆள் தலையாட்டிவிடுவார். வாத்திய இசையை என்ன செய்வது? ஆலாபனையை ஏழு வினாடிக்கு நறுக்கி, பிடித்திருக்கிறதா என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அந்தப் பரீட்சையில் தப்பிப் பிழைத்தவை எல்லோருக்கும் தெரிந்த பாப் பாடல்களைச் சாக்ஸபோனில் வாசித்தவை. அதனால் அவையே திரும்பத் திரும்ப ஓடின. புதிய ஆல்பங்களிலும் கலைஞர்கள் ஆளுக்கொரு பழைய பாப் பாடலைச் சேர்த்தார்கள், அதுதான் வானொலியில் ஏறும் என்பதால். வருஷத்துக்கு வருஷம் பட்டியல் சுருங்கியது. நேயர்கள் போன் செய்து, "இதையே எத்தனை தடவை போடுவீர்கள்?" என்று கேட்டார்கள். சோதனையில் முதலிடம் வாங்கிய பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நான் சிரித்திருக்கிறேன்.

அப்படியானால் ஆட்கள் நிஜமாகவே கேட்பதை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவைத்தது நாங்களாகவும் இருக்கலாம். மீட்டர் உண்மையைத்தான் சொன்னது என்று எனக்குத் தோன்றுகிற நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் என் பதில் சரி.

ஆனால் 2014-இல் வோல்டேர் என்று ஒரு பெட்டி சந்தைக்கு வந்தது. அது குறியீட்டைத் தூக்கிக்காட்டும் கருவி. வானொலி ஸ்டேஷன்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து அதை வாங்கின. அதற்குள் ஆர்பிட்ரானை நீல்சன் என்ற நிறுவனம் வாங்கியிருந்தது. ஒரு வருஷம் சர்ச்சை நடந்து, 2015-இல் நீல்சனே குறியீட்டு முறையைப் பலப்படுத்தியது. பழைய சகா ஒருவர் இந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "நம் இன்ஜினியர் ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாமல் வெளியே போய் நடந்தேன். அதற்குள் எங்கள் ஊரில் மட்டுமல்ல, பெரிய ஊர்களில் பெரும்பாலும் அந்த இசைக்கு இடம் மிச்சமில்லை. 2009 மே மாதம் ஒரே வாரத்தில் சான் பிரான்சிஸ்கோவின் கேகேஎஸ்எஃப், சிகாகோவின் டபிள்யூஎன்யூஏ இரண்டு ஸ்டேஷன்களும் போயின. 2010 டிசம்பரில் சியாட்டில். எல்லாம் தொடங்கிய 'தி வேவ்' பெயரை வைத்துக்கொண்டு வாத்தியங்களைக் குறைத்து, ஆர் அண்ட் பி பாடல்களுக்கு மாறிக்கொண்டது.

நான் அன்று அவரிடம், "மீட்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, நானே பார்த்தேன்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டேஷன் அதே தேதியில் மூடப்பட்டிருக்கும். ஆனால் தன்னை யாரும் கேட்கவில்லை என்ற நினைப்போடு அவர் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். அந்தக் கடைசி மாதங்களில் அவர் பேச்சு குறைந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் முன்பு ஒரு கதை சொல்வார், எந்தக் கிளப்பில் யாரை வாசிக்கக் கேட்டார் என்று. பிறகு நேரத்தையும் வெப்பநிலையையும் மட்டும் சொன்னார். மீட்டரில் பேச்சு வந்தால் ஆட்கள் போகிறார்கள் என்று அறிக்கை எழுதியதும் நான்தான்.

ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா இலங்கை வானொலி வைப்பாள். நாங்கள் கேட்டோம் என்பது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. அந்த அறிவிப்பாளர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனாலும் யாரோ கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை அவர்கள் குரலில் இருந்தது. இந்த மனிதரிடம் இருந்த அந்த நம்பிக்கையை ஒரு வரியில் எடுத்துவிட்டேனோ என்பதுதான் என் பயம். இல்லை, இவ்வளவு பெரிய விஷயத்தை என் ஒரு வரி செய்துவிடாது என்றும் தோன்றுகிறது.

ஸ்டேஷனை மாற்றப்போகும் தேதியை இயக்குநர் இரண்டு நாள் முன்னால் என்னிடம் சொன்னார். மதியம் 12 மணிக்கு மாற்றம். ஆனால் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, அதனால் வழக்கம்போல 24 மணி நேரத்துக்கும் அட்டவணை போட வேண்டும். போட்டேன். காலைப் பகுதியை மென்பொருள் சொன்னபடி விட்டுவிட்டேன். மாலை ஏழு மணிப் பகுதிக்கு வந்தபோது விதிகளையெல்லாம் நீக்கிவிட்டுக் கையால் அடுக்கினேன். சோதனையில் தோற்றுப்போன பாட்டுகளாக எடுத்தேன். ஜோ சாம்பிள். பாட் மெத்தீனி. குரோவர் வாஷிங்டனின் 'வைன்லைட்', வெட்டாமல், ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் முழு வடிவம். ஒலிக்கவே போகாத ஒரு மணி நேரத்தை அவ்வளவு அக்கறையாக ஏன் அடுக்கினேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாளைய அட்டவணையை முந்தின ராத்திரியே அச்சடித்துப் பார்ப்பது அந்த அறிவிப்பாளரின் வழக்கம். அன்றும் பார்த்தார். நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது தாளோடு வெளியே வந்து, "நாளைக்கு ஏழு மணி அழகாக இருக்கிறது. யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"நன்றி, யங் மேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் மேஜையில் அந்தத் தாள் கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது. எங்கெங்கே என்ன பேசுவது என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார், பல மாதங்களுக்குப் பிறகு, கிளப் பெயர்களோடு. 'வைன்லைட்'டுக்கு நேராக மட்டும், பென்சிலில், "பேச வேண்டாம், முழுசாக ஓடட்டும்" என்று இருக்கிறது.